பழைய காற்றாலை இருந்த இடத்தில் பெரிய காற்றாலை: ஊராட்சி எந்த அளவுக்கு நிபந்தனை விதிக்க முடியும்?

செவலைக்காடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறிய ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி எங்கள் ஊரைச் சுற்றி 1990களில் நிறுவப்பட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகளில் பல இப்போது ஓடுவதில்லை. அவற்றுள் சிலவற்றைக் கழற்றிவிட்டு, அதே இடங்களில் 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகளை நிறுவுவதற்காக ஒரு நிறுவனம் எங்கள் ஊராட்சியிடம் தடையின்மைச் சான்று கேட்டு விண்ணப்பித்திருக்கிறது. கோபுரத்தின் உயரம் 140 மீட்டர் என்றும், இறகுகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 120 மீட்டர் என்றும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

நான் காற்றாலைக்கு எதிரானவள் அல்ல. ஆனால் பழைய காற்றாலைகள் வந்த காலத்தில் வெறும் காடாகக் கிடந்த இடத்தில் பின்னாளில் அரசு தொகுப்பு வீடுகள் கட்டப்பட்டுள்ளன. விண்ணப்பத்தில் உள்ள இடங்களில் ஒன்று அந்த வீடுகளிலிருந்து 350 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. மன்றத்தில் ஒரு தரப்பினர், காற்றாலையே வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிடலாம் என்கிறார்கள். மற்றொரு தரப்பினர், ஏற்கெனவே காற்றாலை இருந்த இடந்தானே, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் ஊருக்கு நாலு காசு வரும் என்கிறார்கள். சட்டப்படி ஊராட்சிக்கு இதில் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது, வீடுகளிலிருந்தும் சாலையிலிருந்தும் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதற்கு விதி ஏதேனும் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முன்னாள் பி.டி.ஓ.:

அம்மா, ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி மின் உற்பத்தி செய்வதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலிலும் காற்றாலை இடம்பெறவில்லை. ஆகவே அனல் மின் நிலையத்துக்கோ சுரங்கத்துக்கோ நடப்பதுபோல மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இதற்கு நடப்பதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 2016இல் காற்றாலையை மாசு மிகக் குறைந்த வெள்ளை வகையில் சேர்த்துவிட்டது. இவற்றையெல்லாம் குறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தில் இந்த இயந்திரம் வரலாமா என்ற கேள்வியை ஊர்மக்கள் முன்னால் வைத்துப் பேசுவதற்கு ஊராட்சியை விட்டால் வேறு இடமே இல்லை என்பதை உங்கள் மன்றத்தினர் உணர வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பவர்கள் இதை அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே வேளையில் "காற்றாலையே வேண்டாம்" என்று ஒரே வரியில் போடும் தீர்மானம் நிற்காது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி ஊராட்சிகளின் ஆய்வாளராக இருக்கும் மாவட்ட ஆட்சியருக்கு, அதிகார வரம்பை மீறிய தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ நீக்கவோ அதிகாரம் உண்டு. காரணம் சொல்லாத மறுப்பை நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், எந்த விதியின் கீழ், எந்த இடத்துக்கு, என்ன காரணத்துக்காக மறுத்தீர்கள் என்பதுதான் அங்கே எழும் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு விடை தீர்மானத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எனவே விண்ணப்பம் முழுமைக்கும் சேர்த்து ஒரு பதில் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியே கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம், அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நில விவரப் பதிவேடு), புலப்பட நகல் (நில அளவை வரைபடத்தின் நகல்) ஆகியவற்றைப் பெற்று, கோபுரம் நிற்கப்போகும் புள்ளியை அதில் குறித்துத் தரும்படி நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம், குளத்தின் நீர்ப்பிடிப்பு ஆகியவை எந்தெந்த எண்களில் வருகின்றன என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் மண் கொட்டிப் பாதை அமைக்க ஊராட்சியே விரும்பினாலும் அனுமதி கொடுக்க முடியாது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்வளத் துறையின் (முன்பு பொதுப்பணித் துறை) பொறுப்பில் உள்ள ஏரி, குளங்களுக்கு உண்டு, ஊராட்சியின் சிறுகுளங்களையும் ஓடைகளையும் காக்கும் கடமை ஊராட்சிக்கே உண்டு.

கிராம சபையையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அடுத்து வருவது எதுவோ அதில் விண்ணப்பத்தைப் படித்துக் காட்டி, மக்கள் சொன்னதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். கிராம சபையின் தீர்மானமும் ஊராட்சி மன்றத்தின் தீர்மானமும் வெவ்வேறு என்பதால் முன்னதைச் சான்றாகக் காட்டிப் பின்னதை நிறைவேற்றுவதுதான் சரியான முறை.

நாசெல்:

தூர விதிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காற்றாலைப் பராமரிப்புத் துறையில் பொறியாளராக இருப்பதால் அதைப் பற்றி மட்டும் விளக்குகிறேன்.

மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில் நிலத்தில் அமையும் காற்றாலைகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு. முதலாவது, பொதுச் சாலை, இரயில் பாதை, கட்டடங்கள், பொது நிறுவனங்கள், உயர் அழுத்த மின்தடங்கள் ஆகியவற்றிலிருந்து கோபுர உயரம், சுழல் விட்டத்தில் பாதி, இன்னும் 5 மீட்டர் ஆகிய மூன்றையும் கூட்டி வரும் தூரத்தை விட வேண்டும். இறகு நேராக மேலே நிற்கும்போது அதன் நுனி எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தைவிட 5 மீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு இயந்திரமும் சாய்ந்து விழுந்தாலும் சாலையைத் தொடக் கூடாது என்பதே இதன் நோக்கம். இரண்டாவது, ஒலியின் பாதிப்பைக் குறைப்பதற்காக எந்தக் குடியிருப்பிலிருந்தும் 500 மீட்டருக்குள் காற்றாலையை நிறுவக் கூடாது.

உங்கள் விண்ணப்பத்தில் உள்ள அளவுகளைப் போட்டுப் பாருங்கள். 140, 60, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 205 மீட்டர் வருகிறது. பழைய 225 கிலோவாட் இயந்திரங்களில் பரவலாக இருந்த வகைக்குக் கோபுரம் 30 மீட்டர் அளவிலும் சுழல் விட்டம் 27 மீட்டராகவும் இருந்தது. அதற்கு இதே கணக்கைப் போட்டால் 50 மீட்டர்கூட வராது. ஊராட்சிச் சாலையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்ற பழைய காற்றாலை இந்த அளவுகோலுக்கு உட்பட்டே இருந்தது. அதே புள்ளியில் புதிய இயந்திரத்தை நிறுத்தினால் அது உட்படாது. "ஏற்கெனவே காற்றாலை இருந்த இடந்தானே" என்ற வாதம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டுப் புதுப்பித்தல் கொள்கையும் தமிழ்நாடு அரசின் 2024ஆம் ஆண்டுக் கொள்கையும் பழையவற்றை எடுத்துவிட்டுத் திறன் மிக்கவற்றை வைக்க ஊக்கமளிப்பது நல்லதற்குத்தான். காற்று மிகச் சிறப்பாக வீசும் இடங்களையெல்லாம் முப்பது ஆண்டுப் பழைய சிறிய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை நானே அன்றாடம் பார்க்கிறேன். ஆனால் புதுப்பித்தல் என்ற பெயரில் வந்தாலும் நிலத்தில் நிற்கப்போவது புதிய இயந்திரம். பழைய இடத்துக்குப் பதிலாக வேறோர் இடத்தைத் தள்ளித் தேர்ந்தெடுக்கச் சொல்வது பொறியியல் அடிப்படையில் முழுக்க நியாயமான கோரிக்கை.

இந்த நெறிமுறைகள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே "அமைச்சகத்தின் நெறிமுறைப்படி" என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், 205 மீட்டர், 500 மீட்டர் என்ற எண்களை உங்கள் தடையின்மைச் சான்றின் நிபந்தனைகளாகவே எழுதுங்கள்.

ஒலிக்குச் சட்ட வலுவுள்ள விதி தனியே இருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும்தான் வரம்பு. காற்றாலைக்கு அடியில் நின்று பேசினால் பெரிய சத்தமாகத் தோன்றாது. வீட்டில் படுத்திருப்பவருக்குத்தான் அது தெரியும். ஊர் அடங்கிய பிறகு, தரையில் இலை அசையாமல் இருக்கும்போதும் 140 மீட்டர் உயரத்தில் காற்று வலுவாக வீசிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒவ்வோர் இறகும் கீழிறங்கும்போது எழும் "உஷ்" என்ற ஓசை ஒரே தாளத்தில் இரவு முழுவதும் வந்துகொண்டிருக்கும். எனவே ஒலியளவை மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவத்தில், இரவில், தொகுப்பு வீடுகளின் வாசலில் அளக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மார்கழி மாதம் பகலில் அளந்து கொடுக்கும் அறிக்கையால் எந்தப் பயனும் இல்லை.

மானாவாரி:

எங்கள் ஊர் கரிசல் பூமி. தூரத்தைப் பற்றி மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வந்த கேடு தூரத்தால் வரவில்லை, பாதையால் வந்தது என்பதால் அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் காற்றாலை வைத்த நிறுவனம், பாரந்தூக்கியும் இறகுகளைச் சுமக்கும் நீண்ட வண்டியும் போவதற்காகக் காட்டுக்கு நடுவே செம்மண்ணையும் சரளையையும் கொட்டி ஆள் இடுப்பளவுக்குப் பாதையை உயர்த்தியது. எங்கள் பகுதியில் வருடத்தின் பெரும்பகுதி ஓடையில் தண்ணீர் இருக்காது. அதனால் அந்தப் பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒற்றைக் குழாயை மட்டும் பதித்து மேலே மண்ணை மூடிவிட்டார்கள். ஐப்பசியில் அடைமழை பெய்தபோது மேற்கிலிருந்து வந்த வெள்ளம் அந்தக் குழாயில் அடங்காமல் பாதையின் மேற்குப் பக்கமாகவே தேங்கி நின்றது. முளைத்து நான்கு இலை விட்டிருந்த உளுந்தும் பாசியும் அழுகிப்போயின. பாதைக்குக் கிழக்கே உள்ள குளத்துக்கு வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. ஒரே மழையில் ஒரு பக்கம் வெள்ளச் சேதமும் மறுபக்கம் வறட்சியும் வந்ததற்கு அந்தப் பாதை ஒன்றுதான் காரணம். நிறுவனத்திடம் கேட்டால், நிலம் நாங்கள் கிரயம் வாங்கியது, எங்கள் நிலத்தில்தான் பாதை போட்டிருக்கிறோம் என்று பதில் சொன்னார்கள். ஓடை யாருடைய கிரயத்திலும் வராது என்பதை அலுவலகம் அலுவலகமாக ஏறி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே அம்மா, கோபுரம் நிற்கும் புள்ளியை மட்டும் வரைபடத்தில் பார்க்காதீர்கள். பாதை எந்தெந்த ஓடையை எங்கெங்கே கடக்கிறது, அங்கே எத்தனை கண் வைத்த பாலம் கட்டப்போகிறார்கள், மழைக்காலத்துக்கு முன்னால் அதைக் கட்டி முடிப்பார்களா என்பதை எழுதி வாங்குங்கள். உங்கள் ஊரில் எந்த மழைக்கு எந்த ஓடை எவ்வளவு உயரத்துக்குப் பாயும் என்பது வயதான விவசாயிகளுக்குத் தெரியும். பொறியாளர்கள் கோடையில் வந்து அளந்துவிட்டுப் போவதால் அவர்கள் கண்ணுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. கிராம சபையில் அந்தப் பெரியவர்களைப் பேச வையுங்கள்.

ஊராட்சிச் சாலையையும் விட்டுவிடாதீர்கள். நம் கிராமச் சாலைகள் பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலத்தில், டிராக்டரும் மினி பஸ்ஸும் போவதற்காகப் போடப்பட்டவை. வேலை தொடங்குவதற்கு முன்னால் சாலை முழுவதையும் காணொளியாக எடுத்து வைத்துக்கொண்டு, பழுதுபார்ப்புக்கான வைப்புத்தொகையையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

மியூனிக் தமிழ்:

ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் நகரமைப்புத் துறையில் பணிபுரிகிறேன். இங்கே நடந்தது உங்களுக்குப் பயன்படலாம்.

2014 நவம்பரில் பவேரியா, காற்றாலையின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்தைக் குடியிருப்புகளிலிருந்து விட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 200 மீட்டர் உயரமுள்ள காற்றாலைக்கு 2 கிலோமீட்டர் என்றானதால், சிற்றூர்கள் நெருங்கி நெருங்கி அமைந்துள்ள இந்த மாநிலத்தில் காற்றாலைக்கு இடமே ஏறத்தாழ இல்லாமல் போனது. புதிய விண்ணப்பங்கள் வற்றிவிட்டன. 2022இல் ஜெர்மன் கூட்டரசு, நாட்டின் நிலப்பரப்பில் 2 விழுக்காட்டை 2032க்குள் காற்றாலைக்கென மாநிலங்கள் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதே ஆண்டு நவம்பரில் பவேரியாவும் இறங்கிவந்து, காற்றாலைக்கென வரையறுத்த பகுதிகள், நெடுஞ்சாலை ஓரங்கள், காடுகள் போன்ற இடங்களில் 1,000 மீட்டர் போதும் என்று மாற்றிக்கொண்டது. ஊரையே காப்பதாக எண்ணிப் போட்ட மிகக் கடுமையான விதி, மேலிருந்து வந்த சட்டத்தால் தளர்ந்தது. உங்கள் மன்றத்தில் "காற்றாலையே வேண்டாம்" என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

உங்கள் நிபந்தனைகளில் சேர்க்கத்தக்க மூன்று செய்திகள் இங்கிருந்து கிடைக்கின்றன. ஜெர்மன் கட்டடச் சட்டத்தின்படி ஊர்ப்புறத்தில் காற்றாலை வைப்பவர், பயன்பாடு முடிந்ததும் அதை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதாக அனுமதி பெறும்போதே உறுதியளிக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பிணைத் தொகையோ வங்கி உத்தரவாதமோ கொடுப்பதும் வழக்கம். அடுத்தது வருமானம். காற்றாலையைச் சுற்றி 2,500 மீட்டருக்குள் எந்தெந்த ஊராட்சிகளின் எல்லை வருகிறதோ அவற்றுக்கெல்லாம் சேர்த்து, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 0.2 யூரோ சென்ட் வரை நிறுவனம் கொடுக்கலாம் என்று புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் அனுமதிக்கிறது. ஊருக்கு வரும் பணம் கைமாறாக இல்லாமல் கணக்கில் வரும் வருவாயாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. மூன்றாவது நிழல். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ இருக்கும்போது சுழலும் இறகுகளின் நிழல் வீட்டுச் சன்னல் வழியே விட்டு விட்டு விழும். இங்கே ஒரு வீட்டின்மீது அது ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளொன்றுக்கு 30 நிமிடம் ஆகிய வரம்புகளைத் தாண்டினால் இயந்திரம் தானாக நிற்கும்படி செய்ய வேண்டும். உங்கள் தொகுப்பு வீடுகள் காற்றாலைக்குக் கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் இதைக் கவனியுங்கள்.

செவலைக்காடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நிறுவனத்திடம் புள்ளி குறித்த வரைபடம் கேட்டுக் கடிதம் கொடுக்கத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தொகுப்பு வீடுகள் பழைய காற்றாலைக்குப் பிறகுதான் வந்தன, ஆகவே 500 மீட்டர் எங்களுக்குப் பொருந்தாது என்று நிறுவனத்தின் ஆள் வாய்மொழியாகச் சொல்கிறார், அது சரியா? பழைய காற்றாலைகளின் அடித்தளத்தை அகற்றச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா?

நாசெல்:

முதல் கேள்விக்கு: பழைய காற்றாலை அங்கேயே ஓடிக்கொண்டிருந்து, அதை எடுக்கும்படி நீங்கள் கேட்டிருந்தால் அவர் சொல்வதில் பொருள் இருந்திருக்கும். புதிய கோபுரத்துக்கு இன்றைக்குத்தான் அனுமதி கேட்கிறார்கள். இன்றைக்கு அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. குடியிருப்பு எப்போது கட்டப்பட்டது என்று நெறிமுறை கேட்கவில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் உங்கள் ஊராட்சி பார்க்க வேண்டும். காற்றாலை வந்த பிறகு அதற்கு அருகில் வீட்டுமனை பிரிப்பதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் பெரும்பாலான கிராமங்களில் இல்லாததால்தான் இந்தச் சிக்கலே வருகிறது. அனுமதிக்கப்படும் ஒவ்வொரு கோபுரத்தைச் சுற்றியும் 500 மீட்டர் வட்டத்தை ஊராட்சியின் வரைபடத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, அதற்குள் புதிய மனைப்பிரிவுக்கோ தொகுப்பு வீட்டுக்கோ இடம் காட்டாதீர்கள்.

அடித்தளத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டு நெறிமுறைகளே பயன்பாடு முடிந்த காற்றாலையை அகற்றுவதற்கான திட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் எவ்வளவு ஆழம் வரை தோண்டி எடுக்க வேண்டும் என்பதை நீங்கள் எழுதாவிட்டால், கோபுரத்தை அறுத்து விற்றுவிட்டுக் கான்கிரீட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். புதிய இயந்திரத்தின் அடித்தளம் ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுள்ள கம்பி கட்டிய கான்கிரீட் வட்டம். அதை முழுவதும் பெயர்ப்பது செலவு மிக்க வேலை என்றாலும், கலப்பையும் வேரும் போகும் ஆழத்துக்காவது உடைத்து எடுத்து, மேலே அந்த நிலத்தின் மேல்மண்ணையே நிரப்ப வேண்டும் என்று கேட்பது சாத்தியமானதுதான். அடித்தளம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்கச் சொல்லுங்கள்.

முன்னாள் பி.டி.ஓ.:

பழைய அடித்தளம் நிறுவனத்தின் பட்டா நிலத்தில் இருந்தால் அதை எடுக்கும்படி ஊராட்சி நேரடியாக ஆணையிட முடியாது. ஆனால் புதிய விண்ணப்பமும் அதே நிறுவனத்துடையது என்பதால், பழையதை அகற்றி முடித்ததற்கான புகைப்படச் சான்றை ஒப்படைத்த பிறகே புதிய இடத்தில் வேலையைத் தொடங்கலாம் என்று தடையின்மைச் சான்றில் நிபந்தனையாக எழுதலாம். புறம்போக்கில் இருந்தால் நிலை வேறு, வட்டாட்சியருக்கு எழுதுங்கள்.

தீர்மானத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கட்டும். எந்தெந்த சர்வே எண்களுக்கு நிபந்தனையுடன் சான்று தரப்படுகிறது என்பது ஒன்று. எந்த எண்ணுக்கு, எத்தனை மீட்டர் குறைவதால், மறுக்கப்படுகிறது என்பது மற்றொன்று. தொகுப்பு வீடுகளுக்கு அருகில் உள்ள எண்ணை இரண்டாம் பட்டியலில் வையுங்கள். நிறுவனம் மாற்று இடம் காட்டினால் மீண்டும் பரிசீலிக்கப்படும் என்ற வரியையும் சேருங்கள். தூரத்தை அளக்கும்போது நிறுவனத்தின் அளவையரோடு குறுவட்ட நில அளவரும் உடன் இருக்கட்டும். வீட்டின் பக்கத்தில் வரப்பிலிருந்தோ வேலியிலிருந்தோ அளக்காமல் சுவரிலிருந்து கோபுரத்தின் மையப்புள்ளி வரை அளந்து, இருவரின் கையெழுத்தையும் புலப்பட நகலிலேயே பெற்றுவிடுங்கள். தீர்மானத்தின் நகல் வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் ஆகிய மூவருக்கும் சேர்ப்புச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் போக வேண்டும்.